கெட்ட நாளுக்கு ஒரு ஓலைப்பெட்டி

1931 அக்டோபர் 24-ஆம் தேதி, பொழுது மங்குகிற நேரத்தில், ஏமி கார்மைக்கேல் அம்மையார் களக்காட்டுக்கு வந்தார். டோனாவூரில் அவர் நடத்திவந்த காப்பகத்துக்காக எங்கள் ஊரில் ஒரு வீடு பிடித்திருந்தார்கள். ஊழியர்கள் இங்கேயே தங்கி நோயாளிகளைப் பார்ப்பதாக ஏற்பாடு. வீடு தயாராகிவிட்டதா என்று பார்க்க வந்தவர் இருட்டில் ஒரு குழிக்குள் விழுந்தார். கழிப்பறைக்காகத் தோண்டிய குழி. வேலையாட்கள் அதைச் சொன்ன இடத்தில் தோண்டாமல் வேறிடத்தில் தோண்டியிருந்தார்கள். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு 63 வயது. 1951 ஜனவரி 18-ல் கண்மூடும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், அவர் வாழ்க்கை பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே நடந்தது.

களக்காடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சத்தியவாகீஸ்வரர் கோயில் கோபுரம் ஞாபகம் வரும், இல்லையென்றால் புலி. 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் களக்காடு முண்டந்துறை என்று எங்கள் ஊர்ப் பெயரில்தான் வந்தது. சந்தைக்காரர்களுக்கு வாழைத்தார். அந்தக் குழியைப் பற்றி ஊருக்குள் பேசுகிறவர்கள் குறைவு. டோனாவூர் எங்களுக்குச் சில கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. 1820-களில் ரேனியஸ் ஐயர், பணம் கொடுத்து உதவிய டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரில் உண்டாக்கிய ஊர். கார்மைக்கேல் அயர்லாந்தில் பிறந்தவர். 1895-ல் இந்தியாவுக்கு வந்தார், 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தார். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிட இருந்த பெண்பிள்ளைகளை அவர் எடுத்து வளர்த்ததைப் பற்றியும், அதைச் செய்த விதத்தைப் பற்றியும், எங்கள் பக்கத்தில் இரண்டு விதமான பேச்சும் உண்டு. அந்த வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. எனக்கு முக்கியம் குழியில் விழுந்த பிறகு வந்த 20 வருஷம்.

விழுவதற்கு முன்பே அவர் நரம்புத் தளர்ச்சியை அறிந்தவர். 1893-ல் ஊழியத்துக்காக ஜப்பானுக்குப் போனவர், தலைவலியும் உடல்சோர்வும் தாங்காமல் மறு வருஷமே அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அங்கிருந்து சீனா, இலங்கை, இங்கிலாந்து என்று அலைந்து, கடைசியில்தான் நம் பக்கம் வந்தார். இங்கே வந்த பிறகும் ஓய்வு என்ற ஒன்றை ஏற்பாடு செய்துதான் எடுக்க வேண்டும், அது தானாக வராது என்பதைத் தெரிந்துகொண்டிருந்தார். 1917-ல் டோனாவூருக்கு மேலே மலையில் ஒரு காட்டைக் காப்பகத்துக்காக வாங்கினார். நரைக்காடு என்று இன்றும் சொல்கிறோம். வெயில் காலத்தில் பிள்ளைகளையும் அவர்களை வளர்த்த அக்காமார்களையும் மாற்றி மாற்றி அங்கே அனுப்பினார்கள். பிற்காலத்தில் விலங்குகளையும் மரங்களையும் ஆராய்கிறவர்கள் தேடிப் போகிற காடாக அது ஆனது. ஆனால் வாங்கியபோது இருந்த எண்ணம் எளிமையானது. கீழே உழைத்துக் களைத்தவர் மேலே போய் மூச்சுவிட ஓர் இடம் வேண்டும், அந்த இடம் அவர் களைக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

1931-க்குப் பிறகு அவரால் அந்த மலைக்குப் போக முடியவில்லை. அமைதி அறை என்று பெயரிட்டிருந்த அறையில் படுக்கை, கைக்கெட்டும் தூரத்தில் புத்தக அலமாரி, வெளியே வராந்தாவில் பறவைகள். வலி, தூக்கமின்மை. அந்தப் படுக்கையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்கும், வேலையில் சோர்ந்தவர்களுக்கும், பிள்ளைகளுக்கும் சீட்டு எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1933-ல் வந்த 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற புத்தகம் அப்படி எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நோயாளி நோயாளிக்கு எழுதிய கடிதங்கள். படுத்த பிறகு, நோயாளிகளுக்கு ஆறுதலாக அச்சடித்த சிறு பிரசுரங்கள் அவருக்கும் வந்தன. படித்துப் பார்த்தால், எல்லாம் நன்றாக நடமாடுகிறவர்கள் எழுதியவை. அவை அவரைத் தொடவில்லை. அதனால்தான் நோயாளிகளுக்குத் தானே எழுதத் தொடங்கினார்.

அவருடைய பக்தி என்னுடையது இல்லை. நான் விபூதி பூசுகிற வீட்டில் பிறந்தவள், கோமதி அம்மன் சந்நிதியில் விளக்குப் போடுகிறவள். ஆனாலும் அந்தப் புத்தகத்தின் அடிப்படை எண்ணம் என் உடம்புக்குத் தெரிந்த எண்ணம். பட்டவர் எடுத்து வைத்ததுதான் படுகிறவருக்கு உதவும்.

நான் இந்த ஊர்ப் பக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். நாற்பது வயதைத் தாண்டியதிலிருந்து எனக்கு மனச்சோர்வு நோய் உண்டு. வைத்தியம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில். மாத்திரை சாப்பிடுகிறேன், பெரும்பாலான நாட்கள் நன்றாகவே போகின்றன. நன்றாகப் போகாத நாட்களும் உண்டு. காலையில் கண் விழித்ததும் அது தெரிந்துவிடும். அழுகை வராது. எழுந்து பல் தேய்ப்பது, பால்காரருக்குக் கதவு திறப்பது, எல்லாம் ஒரு மலையைத் தள்ளுகிற வேலையாகிவிடும். பக்கத்துத் தெருவில் மதினி இருக்கிறாள் என்பதே ஞாபகம் வராது. வெந்நீரில் குளித்தால் கொஞ்சம் தேவலை என்பதும் ஞாபகம் வராது. அந்த நாளின் முதல் திருட்டு அதுதான். நமக்கு எது உதவும் என்ற ஞாபகத்தையே எடுத்துக்கொண்டு போய்விடும். அதனால் ஞாபகத்தை நம்பாமல் பொருளாக ஒரு பெட்டியில் எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

எடுத்து வைக்கிற புத்தி எங்கள் பக்கத்து வீடுகளுக்குப் புதிது இல்லை. பேறுகாலத்துக்கு நாள் நெருங்குகிற வீட்டைப் பாருங்கள். ஏழாம் மாதம் தாண்டியதும் ஆச்சி ட்ரங்குப் பெட்டியைத் திறந்து பழந்துணி தேட ஆரம்பிப்பாள். வெளுத்து வெளுத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலையைக் கிழித்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டு, சதுரம் சதுரமாக மடித்து வைப்பாள். புதுத்துணி பிள்ளையின் தோலுக்கு ஆகாது. பிறக்கும் முன்னே புதிதாக வாங்குவதும் வழக்கம் இல்லை. வசம்பு, சுக்கு, கருப்பட்டி, நல்லெண்ணெய், பெற்றவளுக்கு மருந்து இடிக்கத் திப்பிலி எல்லாம் ஒரு மூலையில் சேர்ந்துவிடும். என் ஆச்சி அதைச் செய்யும்போது யாரையும் கிட்டே விடமாட்டாள். "வலி வந்த பொறவு தேட முடியுமாளா?" என்பாள். அவள் எட்டுப் பெற்றவள். எது எந்த நேரத்தில் வேண்டும் என்று அவள் உடம்புக்குத் தெரியும். கல்யாணமாகாத அத்தை அந்த மூட்டையைக் கட்டியிருந்தால் அதில் ஏதாவது விட்டுப்போயிருக்கும்.

துட்டி வீட்டுக்கு வேறு முறை. அங்கே யாரும் முன்கூட்டி எதையும் எடுத்து வைப்பதில்லை. தெருவே அந்த வேலையைச் செய்துவிடும். சாவு விழுந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள், சொந்தக்காரர் வீட்டிலிருந்து சோறு வரும். துட்டி கேட்க வருகிற பெண்கள் வாசலிலேயே அழுதுகொண்டு உள்ளே நுழைந்து, இருக்கிறவர்களைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்காருவார்கள். ஒப்பாரி சொல்லத் தெரிந்த ஒரு பெரியவள் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நன்றாகக் கவனித்தால் ஒன்று தெரியும். வந்திருக்கிறவள் இந்த வீட்டுச் சாவுக்கு மட்டும் அழவில்லை, போன வருஷம் தன் வீட்டில் விழுந்ததற்கும் சேர்த்துத்தான் அழுகிறாள். வீட்டுக்காரியின் அழுகைக்கு அது துணை. நாள் கணக்கும் உண்டு. இத்தனையாம் நாள் காரியம், இத்தனையாம் நாள் தலைக்கு எண்ணெய், அதன் பிறகு வெளியே வா என்று ஊரே கையைப் பிடித்துக் கூட்டிவரும்.

பிறப்புக்கும் சாவுக்கும் இவ்வளவு செய்யத் தெரிந்த ஊர், மனசு சரியில்லாதவருக்கு மட்டும் வீட்டுக்குள் எதையும் எடுத்து வைக்கவில்லை. வெளியேதான் கூட்டிப்போனது. காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயில், உவரி அந்தோணியார், புளியம்பட்டி அந்தோணியார், பொட்டல்புதூர் தர்கா என்று எல்லா மதத்துக்கும் ஓரிடம் உண்டு. இந்து தர்காவுக்கும், முஸ்லிம் அந்தோணியாரிடமும் போவது எங்கள் பக்கத்தில் புதுமையில்லை. அங்கே போய்த் தங்கியதால் தெளிந்தவர்கள் இருக்கிறார்கள். வேளாவேளைக்குச் சோறு, கூட்டம், மணிச்சத்தம், நம்மைப் போலவே இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது, இவற்றின் பலனை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் அதே வழி சங்கிலியிலும் போய் முடிந்தது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அது எங்கள் பக்கத்து ஏர்வாடி இல்லை, தர்கா இருக்கிற ராமநாதபுரம் ஏர்வாடி. ஆனாலும் அன்றைக்குச் செய்தி வந்தபோது ஊர்ப் பெயரைக் கேட்டு எங்கள் தெருவில் பலருக்கு நெஞ்சு அடைத்தது. அதுவரை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர், சென்னை மனநல ஆஸ்பத்திரியை நினைத்து, "கீழ்ப்பாக்கம்" என்று கேலி செய்தால் கண்டுகொள்ளாமல் போகிற ஆசிரியர்களே அதிகம். அதற்குப் பிறகு என் வகுப்பில் அந்தச் சொல்லுக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆறுதலைப் பெட்டியில் போட்டுக் கொடுக்கிற வழக்கத்துக்கு ஒரு பழைய உதாரணம் முதல் உலகப்போரில் இருக்கிறது. 1914 அக்டோபரில், 17 வயது நிரம்பிய இங்கிலாந்து இளவரசி மேரியின் பெயரில் பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். கிறிஸ்துமஸுக்குள் போர்முனையில் இருக்கிறவர்களுக்குப் பித்தளைப் பெட்டி ஒன்று போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். மூடியில் இளவரசியின் முகம் பொறித்த சின்னப் பெட்டி. புகைப்பவருக்குப் புகையிலையும் சிகரெட்டும். புகைக்காதவருக்குக் காகிதம், உறை, பென்சில் வைத்த எழுதுபொருள் பை, கூடவே புளிப்பு மிட்டாய். நர்ஸுகளுக்குச் சாக்லேட். எனக்குப் பிடித்த பகுதி இதற்கு அப்புறம் வருகிறது. சீக்கியச் சிப்பாய்களுக்குப் புகையிலை ஆகாது என்று, அவர்கள் பெட்டியில் கற்கண்டும் தனியே ஒரு டப்பாவில் மசாலாச் சாமானும் வைத்தார்கள். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்குச் சிகரெட், கற்கண்டு, மசாலா. தண்ணீர் சுமக்கிற பிஸ்திகளுக்கும் மசாலா டப்பா போனது. பிரான்சின் சேற்றுப் பள்ளத்தில் குளிரில் உட்கார்ந்திருக்கிறவன் நாக்குக்கு எது வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும் அதே அரசாங்கம்தான். அதற்காக அந்த யோசனையின் மதிப்பு எனக்குக் குறைந்துவிடவில்லை. பெட்டிக்குள் போகிற பொருள் அதைத் திறக்கிற ஆளைப் பொறுத்தது என்று அந்தக் கமிட்டிக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு மனநல மருத்துவர்கள் சொல்கிற ஆறுதல் பெட்டி இன்னொரு வழியாக வந்தது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் 1993-ல் தன் சிகிச்சைமுறையைக் கையேடாக வெளியிட்டார். தாங்க முடியாத வேளையைத் தாண்டுவதற்கு அதில் அவர் கற்றுக்கொடுக்கிற வழிகளில் ஒன்று ஐம்புலன் வழி ஆறுதல். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று, மூக்குக்கு, நாக்குக்கு, தோலுக்கு ஒவ்வொன்று. யோசித்துத் தெளிகிற நிலையில் மனசு இல்லாதபோது உடம்பின் வழியாக உள்ளே போகலாம் என்பது அதன் உட்பொருள். தற்கொலை எண்ணம் வருகிறவர்களுக்கு வாழக் காரணமாக இருக்கிற பொருட்களை, ஒரு போட்டோ, ஒரு கடிதம் என்று, ஒரு பெட்டியில் சேர்த்து வைக்கச் சொல்கிற முறையும் சிகிச்சையில் இருக்கிறது. அபாய நேரத்தில் முதலில் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது என்று படிப்படியாக முன்பே எழுதி வைக்கிற முறையைப் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் வகுத்தார்கள்.

லினெஹனைப் பற்றி இன்னொரு செய்தி 2011-ல் வெளிவந்தது. அவரே முன்வந்து சொன்னது. 1961-ல், 17 வயதுப் பெண்ணாக, ஹார்ட்ஃபர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டு இரண்டு வருஷத்துக்கும் மேல் அங்கே கிடந்தவர் அவர். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்ட பெண். 50 வருஷம் கழித்து அதே மருத்துவமனைக்குப் போய், கூடியிருந்தவர்கள் முன்னால் அதைச் சொன்னார். படித்தபோது எனக்கு டோனாவூர் அறைதான் நினைவுக்கு வந்தது. ஒருவர் பிரார்த்தனைக்காரர், மற்றவர் விஞ்ஞானி. இருவருமே தாங்கள் விழுந்த குழியின் ஆழத்தை அளந்து வைத்துக்கொண்டு மற்றவருக்குக் கயிறு திரித்தவர்கள்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த எண்ணம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று அது தடைபோட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன நெருக்கடியில் இருந்தவராகக் கருத வேண்டும் என்றது. அதோடு, நல்ல நிலையில் இருக்கும்போதே ஒருவர், தனக்கு முடியாமல் போனால் எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்கக் கூடாது, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதிவைக்கிற உரிமையையும் கொடுத்தது. ஆச்சியின் பழந்துணி மூட்டையைப் பாராளுமன்றமே கட்டிக் கொடுத்த மாதிரி எனக்குத் தோன்றியது. நான் எழுதி வைத்திருக்கிறேன். என் பிரதிநிதி மதினி.

இனி என் பெட்டி. உடன்குடிப் பக்கத்திலிருந்து சில்லுக்கருப்பட்டி வந்த பனையோலைப் பெட்டி அது. கருப்பட்டி தீர்ந்த பிறகும் சுக்கும் ஏலமும் கலந்த வாசனை ஓலையிலேயே தங்கிவிட்டது. மூடியைத் தூக்கியதுமே மூக்குக்கு முதல் வேலை வந்துவிடும். உள்ளே ஒரு சின்ன முடிச்சு வெட்டிவேர், ஒரு பொட்டலம் சில்லுக்கருப்பட்டி. சமைக்க முடியாத நாளில் அதில் ஒரு வில்லையை வாயில் போட்டுக்கொண்டு ஒரு தம்ளர் வெந்நீர் குடித்தால் மாத்திரை போட வயிற்றில் ஏதோ இருக்கும். ஆச்சியின் வீரவநல்லூர்த் தறிச்சேலையில் ஒரு சதுரம், பழந்துணியாக மடித்தது. அதை முகத்தில் போட்டுக்கொண்டு படுக்கலாம். கைக்கடக்கமான ஒரு ரேடியோ. அது எப்போதும் திருநெல்வேலி வானொலியில் வைத்தே இருக்கும், நிலையம் தேடுகிற வேலை கிடையாது. செல்போனை அந்த நேரத்துக்கு நான் நம்புவதில்லை. கையில் எடுத்தால் விரல் எங்கெங்கோ போய் மனசை இன்னும் கலக்கிவிடும். எங்கள் ஊர்ப் பக்கம் தலையணை என்ற இடத்தில் ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கல் ஒன்றும் உண்டு. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீரில் கிடந்து வழவழப்பானது. கையில் வைத்திருந்தால் முதலில் குளிர்ச்சியாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் நம் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவும் இருந்தாலும் அதிகம் வேலை செய்வது வாழைநார்தான். வாழை அறுத்த கொல்லையில் காய்ந்து தொங்குகிற மட்டையிலிருந்து நாரை உரித்து, சுருட்டி, முடிபோட்டு வைத்திருக்கிறேன். எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பதமாகிவிடும். கட்டைவிரல் நகத்தால் கீறி இழை இழையாகப் பிரிக்க வேண்டும். தோவாளைப் பிச்சி தெருவில் வந்தால் நல்லது, வராவிட்டால் முற்றத்து வேப்பங்கொழுந்து போதும். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், காம்புகள் நடுவில் சேர வேண்டும். நாரை மேலே ஒரு சுற்று, உள்ளே விட்டு ஒரு இழுப்பு. இறுக்கினால் காம்பு அறுந்துபோகும், தளர்த்தினால் உதிர்ந்துவிடும். அந்த இழுப்பின் அளவில் கவனம் இருந்தே தீர வேண்டும். அதற்கு மேல் எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஒரு முழம் வருவதற்குள் மூச்சு நிதானமாகிவிடும். எல்லா நாளும் அப்படி ஆவதில்லை. அரை முழத்தோடு கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் படுத்த நாட்களும் உண்டு. அப்போதும் அரை முழம் கட்டிய கொழுந்து அங்கே கிடக்கும், மதினி வந்து பார்த்தால் நான் முயன்றேன் என்று அவளுக்குத் தெரியும்.

பெட்டியின் அடியில் ஒரு கடிதம். எனக்கு நானே எழுதியது. எழுதிய அன்றைக்கு மனசு நன்றாக இருந்தது. என் கையெழுத்தாக இருப்பதால் அதை என்னால் மறுக்க முடியவில்லை. வேறு யார் சொன்னாலும் "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்டுவிடுவேன். அதில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. போன தடவையும் இப்படித்தான் இருந்தது, போய்விட்டது. வெந்நீர் போட்டுக் குளி. மதினியைக் கூப்பிடு, என்ன பேசுவது என்று யோசிக்காதே, "முடியல" என்று மட்டும் சொல்லு. வீடு, பணம், உறவு பற்றி இன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதே. சாயங்காலமும் இப்படியே இருந்தால் டாக்டருக்குப் போன். இவ்வளவுதான். மதினி வந்தால், "என்ன மதினி, அடுப்புப் பத்த வைக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் போய்விடுவாள். ஏன், என்ன ஆச்சு என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். துட்டி வீட்டுக்குச் சோறு கொண்டுபோய்ப் பழகிய கை அது.

கடைகளில் இப்போது தயார்ப் பெட்டி விற்கிறார்கள், வாசனை மெழுகுவர்த்தியும் வண்ணப் பென்சிலும் வைத்து. வாங்குகிறவர்களை நான் தடுக்கமாட்டேன். ஆனால் தீப்பெட்டி, கத்தரிக்கோல், மாத்திரை மூன்றும் என் பெட்டிக்குள் வராது. என் மாத்திரை வீட்டுக்காரரிடம் இருக்கும், அந்தந்த வேளைக்கு உள்ளதை மட்டும் எடுத்துத் தருவார். பெட்டிக்குள் என்ன வைப்பது என்பதைவிட வீட்டுக்குள் என்ன வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம். இது வாழையும் நெல்லும் விளைகிற ஊர். வயலுக்கு அடிக்கிற மருந்து திண்ணை மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடக்கிற ஊர். 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு, கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில் ஒரு முயற்சி செய்தது. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொது அறையில், விவசாயிக்கு விவசாயி பூட்டுள்ள தனித்தனிப் பெட்டியில் வைக்கச் சொன்னார்கள். வைத்த ஊர்களில் மருந்தால் போன உயிர்கள் குறைந்தன. இலங்கையில் மிகக் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்ததும், 1990-களின் நடுவிலிருந்து தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. மனசின் மிக மோசமான வேளை பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான் நிற்கும், அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தால் பிழைத்துக்கொள்வார்கள் என்பதே அதற்குக் காரணம். எங்கள் ஊருக்கும் அப்படி ஓர் அறை வேண்டும் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன்.

கார்மைக்கேல் 1948-ல் தன் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். அதன் பிறகு எழுந்து நடமாடவே இல்லை. தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அவரைப் புதைத்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஜனங்கள் டோனாவூர் ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போகிறார்கள். போகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் மனசின் பாட்டையும் அங்கே இருக்கிற டாக்டரிடம் சொல்கிறார்களோ. சொல்லலாம், சொல்ல வேண்டும். பெட்டியே வைத்தியம் ஆகிவிடாது. மாத்திரைக்கும் டாக்டருக்கும் இடையில் இருக்கிற வெறும் மணிநேரங்களுக்குத்தான் அது.

என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி இப்போது வெளியூரில் ஹாஸ்டலில் இருந்து நர்ஸிங் படிக்கிறாள். அவளுக்கும் இந்தப் பாடு உண்டு. போன லீவில் வந்தவள் தனக்கும் ஒரு பெட்டி கட்டித் தரச் சொன்னாள். காலி ஓலைப்பெட்டியை மட்டும் கொடுத்தேன், என் சாமான் எதையும் போடவில்லை. என் மூக்குக்குப் பிடித்த வெட்டிவேர் அவளுக்கு ஆஸ்பத்திரி வாடையை ஞாபகப்படுத்தலாம், யார் கண்டது. மனசு நன்றாக இருக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பு என்றேன். அவள் அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். முதலில் போட்டது ஒரு பழைய இயர்போன், அடுத்தது அம்மாவின் பூப்போட்ட கைக்குட்டை, அப்புறம் ஹாஸ்டல் தோழியின் நம்பர் எழுதிய சீட்டு. அந்தச் சீட்டின் கீழே நான் இரண்டு எண்களை எழுதினேன். 14416, மத்திய அரசின் டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 104, தமிழக அரசின் மருத்துவ உதவி எண். பின்பக்கம் காலியாக இருந்தது, அவளுக்கு அவளே எழுதும் கடிதத்துக்கு விட்டுவிட்டோம். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பெட்டியையும் எடுத்துப்போய்க் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.